கொடைக்கானல் ஏறும் பழைய காருக்கு: ஸ்க்ரூவா, ஜெட்டா, இல்லை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால் எனக்கு இந்த போன் வராமல் இருக்காது. "அண்ணே, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கொடைக்கானல் கெளம்புறோம், கார்பரேட்டரைக் கொஞ்சம் திருகி வச்சுக்கிட்டுப் போகட்டுமா?" கேட்பவரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு பத்மினி கார், இல்லையென்றால் எம்.பி.எஃப்.ஐ. (சென்சார் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வருவதற்கு முந்தைய மாருதி 800, எப்போதாவது ஒரு அம்பாசிடர். நான் மெக்கானிக் இல்லை. அப்பா வாங்கிய பத்மினியை விற்க மனசு வராமல் வைத்திருக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் அந்த வண்டியில் வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி இறங்கியதற்குக் கணக்கே இல்லை, ஒவ்வொரு முறையும் எதையாவது திருகிப் பார்த்து, சிலது சரியாக வந்து, சிலது சொதப்பி, கடைசியில் எனக்கென்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடியாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் மலை மேல் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மதுரை கடல் மட்டத்திலிருந்து 130 மீட்டர் வாக்கில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். மேலே காற்றழுத்தம் இங்கே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மதுரையில் 35 டிகிரி வெயிலில் கிளம்பி 15 டிகிரி குளிரில் போய் இறங்குகிறோம் இல்லையா, குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தி என்பதால் நட்டத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடுகிறது. நான் போட்ட கணக்கில் காற்றின் அடர்த்தி 15, 16 சதவீதம் குறைகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டருக்குக் காற்றை எடை போடத் தெரியாது. அதன் தொண்டைக் குழாயில் காற்று போகிற வேகத்தில் உண்டாகும் உறிஞ்சலை வைத்து ஜெட் என்கிற சின்னத் துளை வழியாக பெட்ரோலை இழுக்கும், அதுதான் அதன் மொத்த மூளையும். காற்று லேசானால் உறிஞ்சலும் குறையும், பெட்ரோலும் குறையும், ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது, வர்க்கமூலக் கணக்கில்தான் குறையும். அதாவது காற்று 16 சதவீதம் குறைந்த இடத்தில் பெட்ரோல் 8 சதவீதம்தான் குறைகிறது. மிச்சம் என்ன ஆகும், கலவை சுமார் 9 சதவீதம் கெட்டியாகிவிடும், பட்டறை பாஷையில் 'ரிச்'. மூணாறு, மேகமலை மாதிரி 1,500 மீட்டர் உயரத்துக்கு இதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியும் கொடைக்கானலும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் நிறைய பேர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. வண்டி பெருமாள்மலைக்கு மேல் மூச்சு வாங்குகிறது என்றால் அதற்குப் பெரிய காரணம் கலவை இல்லை, காற்றே குறைவு. 16 சதவீதம் காற்று இல்லையென்றால் கிட்டத்தட்ட அவ்வளவு சக்தியும் இல்லை, அதை எந்த ஸ்க்ரூவாலும் எந்த ஜெட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கலவையைச் சரி செய்தால் மேலும் கெட்டுப்போகாமல் கொஞ்சம் மீட்கலாம், அவ்வளவுதான். "மெக்கானிக் டியூன் பண்ணிக் குடுத்தாரு, மலை மேலயும் மதுரை மாதிரியே இழுக்குது" என்று யாராவது சொன்னால், அவர் வண்டி மதுரையிலும் சரியாக இழுக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், உயரத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. ஒருமுறை டம்டம் பாறைப் பக்கம், தலையாறு அருவி தெரிகிற திருப்பத்தில், என் வண்டி கருப்பாகப் புகைவிட்டு முக்க ஆரம்பித்தது. எனக்கு அப்போதுதான் இந்த உயரக் கணக்கெல்லாம் படித்த புதுசு, உடனே திருப்புளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தால், காற்றை மறைத்துக் கலவையைக் கெட்டியாக்கும் சோக் தகடு பாதி மூடி நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ண இழுத்த சோக், கம்பி துருப்பிடித்து முழுசாகத் திரும்பவில்லை. கீழே சமதரையில் அது அவ்வளவாகத் தெரியவில்லை, மேலே ஏற ஏற இரண்டு கெட்டியும் சேர்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டது. விரலால் தள்ளிவிட்டேன், 'டிக்' என்று நிமிர்ந்து நின்றது, அவ்வளவுதான் வேலை. அந்த டம்டம் பாறையில் நான் ஸ்க்ரூவைத் திருகியிருந்தால் ஊர் திரும்பும்வரை ஒன்றும் புரிந்திருக்காது. ஆகவே சோக், ஏர் ஃபில்டர், ஃப்ளோட் மட்டம் (கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் அளவு) இந்த மூன்றையும் மதுரையிலேயே பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இன்னொன்று, வேப்பர் லாக். இதையும் உயரக் கோளாறு என்று நினைத்துக் கார்பரேட்டரைக் குடைகிறவர்கள் உண்டு. மே மாத வெயிலில் இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறும்போது இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் கொதித்துவிடும், காற்றழுத்தமும் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரமாக ஆவியாகும், பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். அடையாளம் சுலபம். கலவை ரிச்சாக இருந்தால் புகை, பெட்ரோல் வாடை, ஐட்லிங்கில் 'டப டப' என்று குலுங்கல் எல்லாம் இருக்கும், ஆனால் வண்டி ஓடும். வேப்பர் லாக் என்றால் வாடையும் இல்லை புகையும் இல்லை, பெட்ரோல் தீர்ந்த மாதிரி இழுத்து இழுத்து நின்றுவிடும், இருபது நிமிஷம் நிழலில் ஆறப்போட்டால் ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். இதற்கு வைத்தியம் பம்ப் மேல் ஈரத் துணி. பழைய டிரைவர்கள் டேஷ்போர்டில் ஒரு துண்டும் பாட்டிலில் தண்ணீரும் வைத்திருந்தது சும்மா இல்லை.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, வண்டி நன்றாகவே இருக்கிறது, இப்போது கலவையை என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் முதல் வழி. கேட்கச் சோம்பேறித்தனமாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலைப் பாதை 50 கிலோமீட்டர் சொச்சம். ஏற்றத்தில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஆறு ஆறரை லிட்டர். அடிவாரத்தில் காட்ரோட்டில் கலவை கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும், உச்சியில்தான் அந்த 9 சதவீதம், சராசரி 5 என்று வையுங்கள். வீணாகும் பெட்ரோல் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டருக்குள். மேலே ஏரியைச் சுற்றி இரண்டு நாள் ஓட்டுவதையும் சேர்த்தால் ஒரு லிட்டர் வரலாம். பிளக்கில் கொஞ்சம் கரி பிடிக்கும், இறங்கி வந்து நான்கு வழிச் சாலையில் கொஞ்சம் தட்டி ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து போய்விடும். நட்டம் இவ்வளவுதான். ரிச்சாக ஓடுகிற இன்ஜின் அசிங்கமாக ஓடும், ஆனால் இரண்டு நாளில் செத்துப்போகாது. எதிர்ப்பக்கம் அப்படி இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வழி, ஐட்லிங் மிக்ஸர் ஸ்க்ரூ. திருகி வைக்கட்டுமா என்று கேட்பவர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். இது எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பது முக்கியம். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காதபோதும், லேசாக வைக்கிறபோதும்தான் இந்த ஸ்க்ரூவுக்கு வேலை. இரண்டாம் கியரில் பாதிக்கு மேல் மிதித்து ஏறும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் வழியாக, அங்கே இந்த ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் பிக்கப்பில் ஒரு மாற்றமும் தெரியாது. அப்படியானால் இது எதற்கு? சீசனில் ஒருமுறை போய்ப் பாருங்கள் தெரியும். 2024 மே 7-இலிருந்து மலைக்குப் போக இ-பாஸ் வந்துவிட்டது, ஆனாலும் மே மாத சனிக்கிழமையில் பெருமாள்மலையிலிருந்து வெள்ளி அருவி வரைக்கும் வண்டி வரிசையாக நிற்கிறது. அங்கே மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் நிற்பதும் பத்தடி நகர்வதுமாக இருக்கும்போது ரிச்சான ஐட்லிங்தான் பிளக்கைக் கரியாக்கி, கடைசியில் ஏற்றத்தில் கிளட்சை விடும்போது வண்டியை அணைத்து, பின்னால் நிற்கிற வேன்காரரிடம் நமக்கு வசவு வாங்கித் தரும். ஆகவே பிக்கப்புக்காக இல்லாமல் டிராபிக்குக்காக இந்த ஸ்க்ரூவைத் திருகலாம், நான் திருகுகிறேன்.

எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் ஆளாளுக்கு ஒன்று செய்கிறார்கள். மதுரையிலேயே இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில் விட்டு, ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக உள்ளே திருக வேண்டும். சத்தம் இறங்க ஆரம்பிக்கிற இடம் ஒன்று வரும். அங்கிருந்து மெல்ல வெளியே திருகி, இன்ஜின் அதிகபட்ச வேகத்தில் அமைதியாக ஓடுகிற இடத்தில் நிறுத்த வேண்டும், வேகம் கூடிவிட்டால் பக்கத்தில் இருக்கும் த்ராட்டில் ஸ்க்ரூவில் குறைத்துக்கொள்ளலாம். இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு, அடியில் போய் உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். உட்காரும் இடத்தில் லேசாகத் தொட்டால் போதும், இறுக்கினால் அந்த ஊசி முனையில் ஒரு வளையம் விழுந்து அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது. என் வண்டிக்கு மதுரையில் ஒன்றே முக்கால் சுற்று, கொடைக்கானலில் இதையே திரும்பச் செய்தால் ஒன்றே கால். அரைச் சுற்று வித்தியாசம். உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும், என் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே ஐட்லிங் வேகமும் கொஞ்சம் இறங்கியிருக்கும், த்ராட்டில் ஸ்க்ரூவை ஒரு சொட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிறைய பைக்குகளில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, அதை உள்ளே திருகினால் கலவை ரிச் ஆகும். பத்மினியின் சோலெக்ஸ் கார்பரேட்டரில் இருப்பது அதற்கு நேர் எதிர், உள்ளே திருகினால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, த்ராட்டிலைத் தாண்டி இன்ஜின் பக்கமாக இருந்தால் பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது. இதை மட்டும் நினைவில் வைத்தால் குழப்பம் வராது. மாருதி 800-இல் சில வண்டிகளில் அந்த ஸ்க்ரூ மேல் மூடி போட்டு அடைத்திருப்பார்கள், அடைத்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், இரண்டு நாள் சுற்றுலாவுக்காக அதைத் துளைபோட்டுத் திறக்க வேண்டாம்.

காது மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் கிளம்புவதற்கு முன்னால் புகை பரிசோதனை நிலையத்துக்குப் போகலாம். சர்டிபிகேட் வாங்கும்போது அந்த மிஷினில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டும். பழைய கார்களுக்கு 3 சதவீதம் வரை அனுமதி என்றாலும், ஐட்லிங்கில் ஒன்று, ஒன்றரையில் நின்றால்தான் நல்ல டியூனிங். மிஷின் குழாய் சைலன்சரில் இருக்கும்போதே அந்தத் தம்பியிடம் தன்மையாகக் கேட்டு ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தால், நம் காது பத்து வருஷமாக எவ்வளவு ரிச்சாகக் கேட்டுப் பழகியிருக்கிறது என்று தெரியும். எனக்கு முதல் முறை 4-க்கு மேல் காட்டியது, நானோ வண்டி பட்டு மாதிரி ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வழி, மெயின் ஜெட்டையே மாற்றுவது. உயரத்துக்கு உண்மையான பதில் என்றால் இதுதான், மறுக்கவில்லை. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். பேச்சுக்கு உங்கள் வண்டியில் 120 இருக்கிறது, அதை 115 ஆக்குகிறீர்கள் என்று வைப்போம். துளையின் பரப்பு 8 சதவீதம் குறையும், அதாவது கொடைக்கானல் உயரத்தில் கூடுகிற அந்த 9 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரு சைஸ் இறக்கினால் போதும், இரண்டு வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஜெட்டில் பொறித்த எண் உண்மையாக இருந்தால்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் ஜெட் அடைத்துக்கொண்டால் கிளட்ச் ஒயரில் ஒரு இழையைப் பிரித்து உள்ளே விட்டுக் குத்துவது பழக்கம். பித்தளை மெத்து, ஒவ்வொரு குத்தும் துளையைக் கொஞ்சம் அகலமாக்கும். என் பழைய ஜெட்டைப் புதுசோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எண் இரண்டிலும் ஒன்றுதான், பழைய துளை மட்டும் கண்ணுக்கே கோணலாகத் தெரிந்தது. அதுவரை நான் மலையைத் திட்டிக்கொண்டிருந்ததில் பாதி அந்த இழையைத் திட்டியிருக்க வேண்டியது. புதுசாக அதே எண் ஜெட் போட்டதும் கொடைக்கானலிலேயே வண்டி பாதி சரியாகிவிட்டது.

இப்போது அந்த எதிர்ப்பக்கக் கதை. எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, வேலை விஷயமாக மலைமேல் பண்ணைக்காட்டில் இரண்டு வருஷம் இருந்தார். அங்கேயே ஓடுகிற வண்டி என்பதால் மெயின் ஜெட்டை இறக்கிப் போட்டார், வண்டி அருமையாக ஓடியது, அதுவரை சரி. வேலை முடிந்து மதுரைக்குத் திரும்பியவர் ஜெட்டை மறந்துவிட்டார். மே மாதம் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு நான்கு வழிச் சாலையில் 90-இல் போயிருக்கிறார். கோவில்பட்டி தாண்டியதும் வண்டி ஒரு மாதிரி தும்மியிருக்கிறது, கார்பரேட்டருக்குள் 'புஸ்' என்று. ஏ.சி. இல்லாத வண்டி, கண்ணாடி இறக்கி, காற்றுச் சத்தத்தில் அவருக்கு இன்ஜின் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை, ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கடித்த முறுக்கு மாதிரி எரிந்துபோயிருந்தது. லீன் கலவை, நீளமான ஓட்டம், மே மாத வெயில், மூன்றும் சேர்ந்தால் நடப்பது இதுதான். "ஒரு ஜெட்டு மாத்தணும்னு மறந்ததுக்கு ஹெட்டு வேலையாடா" என்று இன்றைக்கும் புலம்புவார்.

மலை மேல் ரிச்சாக ஓடினால் ஒரு லிட்டர் பெட்ரோலும் கொஞ்சம் கரியும் போகும், சமவெளியில் லீனாக ஓடினால் வால்வோ பிஸ்டனோ போகும். அதனால்தான் சனி ஞாயிறு போய்வருகிறவர் மெயின் ஜெட்டில் கைவைக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது. எத்தனை ராத்திரி மேலே தங்குகிறீர்கள் என்பதுதான் என் அளவுகோல். இரண்டு மூன்று என்றால் ஐட்லிங் ஸ்க்ரூ மட்டும். மாசக்கணக்கில் அங்கேயே வண்டி ஓடப்போகிறது என்றால் ஜெட், கூடவே ஸ்டியரிங்கில் ஒரு சீட்டைக் கட்டிவையுங்கள், "கீழே போகுமுன் ஜெட்" என்று. வாராவாரம் ஏறி இறங்குகிற எஸ்டேட்காரர்கள் பாடு கஷ்டம்தான், அவர்களும் கீழேயுள்ள ஜெட்டையே வைத்து ஓட்டிவிடுவது நல்லது என்பேன்.

அம்பாசிடர்காரர்களுக்கு, அதிலும் பழைய எஸ்.யூ. கார்பரேட்டர் இருப்பவர்களுக்கு, இந்தத் தலைவலி பாதிதான். எஸ்.யூ.வும் உயரத்தில் ரிச் ஆகும், அதில் சலுகை கிடையாது. ஆனால் அதன் அடியில் இருக்கும் ஜெட் நட்டைத் திருகினால் ஐட்லிங் முதல் முழு மிதி வரை எல்லா இடத்திலும் கலவை மாறும், எதையும் கழற்ற வேண்டாம், ஜெட் வாங்க வேண்டாம். நட்டை மேல் நோக்கி ஏற்றினால் லீன். ஆறு பட்டை உள்ள நட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு பட்டை அளவு திருகி, பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியால் கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் இன்னும் ரிச், இன்ஜின் இறங்கிச் சாகப்பார்த்தால் லீன், லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இவ்வளவு சுலபமாக இருப்பதால் இவர்கள் மேலே போய் நட்டை ஏற்றி, கீழே வந்து இறக்கிக்கொள்ளலாம். எத்தனை பட்டை என்று எழுதிவைக்காமல் திருகினால் மட்டும் எங்கள் அண்ணன் கதைதான்.

இனிமேல் சொல்லப்போவது கடந்த ஒன்றிரண்டு வருஷத்தில்தான் எனக்கு உறைத்தது, இந்தக் கேள்விக்கான பதிலையே கொஞ்சம் புரட்டிப்போட்டுவிட்டது. பங்கில் இப்போது வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் ஏற்கனவே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால் இ20-க்கு 13.5 வாக்கில் போதும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சென்சார் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும், கார்பரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே பழைய பெட்ரோலுக்கு செட் செய்து அப்படியே விட்டிருக்கும் கார்பரேட்டர், மதுரையிலேயே இப்போது 7, 8 சதவீதம் லீனாக ஓடிக்கொண்டிருக்கிறது. கொடைக்கானலுக்குப் போனால் உயரம் 9 சதவீதம் ரிச் ஆக்குகிறது. இரண்டையும் கழித்துப் பாருங்கள்! போன வருஷம் ஒருவர் என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார், "அண்ணே, கீழ தும்முற வண்டி மேல போனதும் நல்லா ஓடுதுண்ணே, குளிரு பிடிக்குது போல." குளிர் இல்லை, அவர் வண்டிக்கு அங்கேதான் கலவை சரியாக அமைகிறது. அந்த வண்டியை மலைக்காக லீன் செய்வது, ஏற்கனவே பட்டினி கிடப்பவனை விரதம் இருக்கச் சொல்வது போல. அவருக்கு நான் சொன்னது, மலைக்கு ஒன்றும் வேண்டாம், மதுரைக்கு ஒரு சைஸ் பெரிய ஜெட் போடுங்கள் என்று. போட்ட பிறகு மேலே கொஞ்சம் ரிச்சாக ஓடும், ஓடட்டும்.

ஆகவே கிளம்பும் முன்னால் இன்றைய பெட்ரோலில் உங்கள் வண்டி மதுரையில் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மலைக்கான டியூனிங் பேசுவதில் பயனில்லை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வெளுத்துப்போய் இருந்தால் லீன், காய்ந்த கரி என்றால் ரிச், காபித்தூள் பழுப்பு என்றால் நிம்மதியாக இருங்கள். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் இளக வைத்துவிடும் என்பதால் அவற்றையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது, ஹோஸ் விரிசல் விட்டுச் சூடான இன்ஜின் மேல் சொட்டுவது மலையில் நடந்தால் விளையாட்டில்லை.

இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, மேலே இரண்டு மூன்று டிகிரி முன்னால் தள்ளினால் இழுவை கொஞ்சம் திரும்பும் என்று சொல்வார்கள், உண்மைதான், மெலிந்த காற்றில் இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் தட்டாது. கீழே வந்து பழைய இடத்துக்குத் திருப்பவில்லை என்றால் தட்டும். மறதிக்காரர்கள் தொட வேண்டாம், நான் தொடுவதில்லை.

மொத்தமாக ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாற்றிவிடலாமே என்றும் கேட்கிறார்கள். உயரம், வெயில், எத்தனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் அதுதான், சந்தேகமில்லை. ஆனால் பத்மினியில் அதைப் பொருத்தித் தரக்கூடிய ஆளைத் தேடிப் பிடித்து, இன்ஜினையே மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றி, செலவு வண்டி விலையைத் தாண்டி, கடைசியில் வருஷத்துக்கு இரண்டு முறை கொடைக்கானல் போவதற்கு. ஆசை இருந்தால் செய்யுங்கள், இதற்காகச் செய்ய வேண்டாம்.

நான் இப்போது செய்வது இதுதான். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சோக் கம்பிக்கு எண்ணெய், ஃபில்டர் தட்டல், பிளக் பார்ப்பது. மிக்ஸர் ஸ்க்ரூவின் தலையில் வீட்டம்மாவின் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி, அதற்கு நேராகக் கார்பரேட்டர் உடம்பில் இன்னொரு புள்ளி, இரண்டும் சிவப்பு. மேலே போய் அறையில் சாமானை இறக்கிவிட்டு, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே. இறங்கும்போது காட்ரோட்டில் டீக்கடை ஓரமாக நிறுத்தி, பிள்ளைகள் பலாப்பழம் வாங்கித் தின்பதற்குள் அரைச் சுற்று வெளியே, புள்ளிக்கு நேராகப் புள்ளி. போன தடவை பலாப்பழத்தில் மறந்துபோய் அப்படியே வந்துவிட்டேன், காளவாசல் சிக்னலில் மூன்று முறை அணைந்தது. ஐட்லிங் ஸ்க்ரூ என்பதால் அணைந்ததோடு போயிற்று, சிக்னல் விழுவதற்குள் பானட்டைத் தூக்கித் திருகிவிட்டு வந்தேன், பின்னால் ஆட்டோக்காரர் மட்டும் என்னென்னவோ சொன்னார்.